நமீபியாவில் நாமே வண்டி ஓட்டி சஃபாரி: காப்பீடும் வாடகை வண்டியும் எடுத்த கதை

சஃபாரி என்றால் ஓட்டுநரும் வழிகாட்டியும் வண்டியோடு சேர்ந்தே வருவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் பெரும்பாலும் அப்படித்தான். நமீபியாவில் ஆட்கள் சர்வ சாதாரணமாகத் தலைநகர் விண்ட்ஹுக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு, பாலைவனம், கடற்கரை, எட்டோஷா தேசியப் பூங்கா என்று தாங்களே ஓட்டிப் போகிறார்கள். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் நானும் கணவரும் அண்ணனும் அண்ணியும் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஓட்டுவது நாம் என்றால் பொறுப்பும் நம்முடையது. வண்டிக்கு என்ன ஆனாலும், நமக்கு என்ன ஆனாலும் எந்தத் தாளில் எழுதியிருப்பது கைகொடுக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

விலை ஒப்பிடும் தளங்களில் முதலில் தேதியையும் வண்டியையும்தான் கேட்பார்கள். நான் அதை மூடி வைத்துவிட்டு, வரைபடத்தை எடுத்து எந்தெந்தச் சாலையில் போகப்போகிறோம் என்று எழுதினேன். விண்ட்ஹுக்கிலிருந்து பாலைவனப் பக்கம் செஸ்ரியம், அங்கிருந்து கடற்கரை ஊரான சுவகோப்முண்ட், பிறகு ட்வைஃபெல்ஃபொன்டைன், அப்புறம் எட்டோஷா, கடைசியில் பி1 சாலை வழியாகத் திரும்ப விண்ட்ஹுக். அங்கே பி என்று தொடங்கும் சாலைகள் தார்ச் சாலைகள். சி சாலைகளில் பெரும்பகுதி சரளை. டி சாலைகள் அதைவிடச் சிறியவை, அவையும் சரளைதான். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் சி என்றே வந்தது. இந்த ஒரு பட்டியல்தான் வண்டியையும் காப்பீட்டையும் முடிவு செய்தது.

"எட்டோஷாவுக்குள்ள சாதாரண காரே போகுமாம், எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்றார் கணவர். அவர் சொன்னதில் தவறில்லை. பூங்காவுக்குள் வேக வரம்பே 60 கி.மீ.தான், சாதாரண கார்கள் நிறையவே ஓடுகின்றன. பூங்காவை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது போதும். எங்களுக்குக் கவலை சரளைச் சாலை. செஸ்ரியத்திலிருந்து மணல்மேடுகள் சூழ்ந்த சோசுஸ்விலேய் போகும் வழியில் 60 கி.மீ. தார், கடைசி 5 கி.மீ. ஆழமான மணல். அதற்கு ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் இறங்கக் கூடாது (அங்கே ஷட்டில் வண்டி உண்டு, அதில் ஏறிப் போகலாம்). அடிப்பகுதி உயரமாக, இரண்டு ஸ்டெப்னியோடு வரும் டபுள் கேப் பிக்அப் என்று முடிவானது. கூரைக் கூடாரம் வேண்டாம் என்று அண்ணி சொன்னதால் வாடகை கொஞ்சம் குறைந்தது.

வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கும்போது முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். எதற்கெல்லாம் காப்பு கிடையாது என்று சொல்லும் பகுதிக்கு நேரே போய்விடுங்கள். முதல் பக்கத்தில் 'முழுக் காப்பு' என்று தடித்த எழுத்தில் இருக்கும். உள்ளே போனால் டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தண்ணீர் புகுந்த சேதம், கிளட்ச் எல்லாம் வெளியே நிற்கும். இவற்றில் டயரும் கண்ணாடியும்தான் நமீபியாவில் அடிக்கடி போகிறவை. எதிரே வரும் வண்டி எறியும் கல் கண்ணாடியில் படுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. நமீபியாவுக்கென்றே ஒரு விலக்கும் இருக்கிறது: மணல் காற்றுச் சேதம். பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று மணலை அள்ளிவந்து பெயிண்டையும் விளக்குக் கண்ணாடியையும் தேய்த்துவிடும். அதைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதே இல்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்கரைப் பக்கம் ஓட்டாமல் ஓரமாக நிற்பதுதான் ஒரே வழி.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்து பற்றிய வரி. சரளைச் சாலையில் வண்டிகள் மோதிக்கொள்வதைவிடத் தானாக உருள்வதுதான் பெரிய ஆபத்து. தரையில் கொட்டிய கடுகின் மேல் கால் வைத்தது போல டயர் வழுக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தாலோ ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாலோ வண்டி கவிழ்ந்துவிடும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் சில, இப்படிப்பட்ட விபத்துக்கு எக்ஸஸை இரட்டிப்பாக்கின. சில காப்பே கொடுக்கவில்லை. எக்ஸஸ் என்றால் சேதத்தில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. ஊர் முழுக்கச் சரளைச் சாலையாக இருக்கும் நாட்டில் இந்த விபத்தைச் சேர்க்காத காப்பை எடுப்பதில் அர்த்தமே இல்லை என்று நினைக்கிறேன். விலை கூடுதல் என்றாலும் தனி விபத்து, டயர், கண்ணாடி மூன்றும் எழுத்தில் உள்ள மேல்நிலைக் காப்பைத்தான் எடுத்தோம்.

அதிலும் நிபந்தனைகள் இருந்தன. சரளையில் 80 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது. கடற்கரை மணலிலோ உப்புத் தளங்களிலோ இறக்கக் கூடாது. வடமேற்கே வான் சைல்ஸ் கணவாய் பக்கம் போகவே கூடாது. வண்டியில் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கும், மீறினால் காப்பு செல்லாது. படிக்கும்போது கெடுபிடியாகத் தெரிந்தாலும், இரவில் குடு என்ற பெரிய மான்கள் சாலைக்குள் வருகிற ஊரில் இது நியாயமான நிபந்தனைதான். எட்டோஷாவின் வாயில்களும் சூரிய அஸ்தமனத்தோடு மூடிவிடும். இந்த நிபந்தனைகளை வைத்தே தினசரித் தூரத்தைக் கணக்கிட்டேன். செஸ்ரியத்திலிருந்து சுவகோப்முண்ட் சுமார் 350 கி.மீ. தார்ச் சாலையில் அது அரை நாள் வேலை. இந்தச் சரளையில் காலையில் கிளம்பி மதியம் தாண்டித்தான் சேர முடியும்.

இனி பயணக் காப்பீடு. வாடகை ஒப்பந்தமும் இதுவும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த பாலிசியில் 'வாடகை வண்டி எக்ஸஸ் திருப்பித் தரப்படும்' என்று இருந்தது. "அப்ப வண்டிக்காரங்ககிட்ட மேல்நிலைக் காப்பு எதுக்கு? ரெண்டு தடவை பணம் கட்டுறோமே" என்றார் அண்ணன். எனக்கும் அதுதான் தோன்றியது. மின்னஞ்சலில் மூன்றே கேள்வி கேட்டேன்: ஃபோர் வீல் டிரைவ் பிக்அப் இதில் வருமா, தார் போடாத சாலை வருமா, டயரும் கண்ணாடியும் வருமா? பதில் வர சில நாள் ஆனது. பிக்அப் வராது, அரசு பராமரிக்கும் சரளைச் சாலை வரும், மற்றவை வராது. ஆக அந்த வரியால் எங்களுக்குப் பயன் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது அதே நிறுவனத்தில் ஒருவர் "எல்லாம் கவர் ஆகும்" என்றுதான் சொன்னார். அதனால் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த வரி பயன்படுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பணத்தைப் பிறகுதான் தரும். முதலில் வண்டிக்காரர் நம் கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்வார். கார்டில் அந்த அளவு வரம்பு இருக்க வேண்டும். கார்டு ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும், டெபிட் கார்டைப் பெரும்பாலான இடங்களில் ஏற்பதில்லை.

இன்னொரு ஓட்டை, பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதம். பயணக் காப்பீட்டில் 'தனிநபர் பொறுப்பு' என்று பெரிய தொகை போட்டிருக்கும். மோட்டார் வாகனத்தால் வந்த பொறுப்பு அதில் வராது என்று கீழே எழுதியிருக்கும். நமீபியாவில் எரிபொருள் வரியில் இயங்கும் மோட்டார் வாகன விபத்து நிதி ஒன்று இருக்கிறது. சாலை விபத்தில் காயம்பட்டவர்களுக்கு, வெளிநாட்டவர் உட்பட, அது உதவும். ஆனால் அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். இன்னொருவரின் வண்டியையோ வேலியையோ நாம் உடைத்தால் அதற்கு வாடகை ஒப்பந்தத்தின் மூன்றாம் தரப்புக் காப்பைத்தான் நம்ப வேண்டும். எவ்வளவு தொகை வரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மருத்துவப் பகுதியில் நான் பார்த்தது ஒரே விஷயம்: அவசர வெளியேற்றம். நமீபியாவின் பரப்பு சுமார் 8,25,000 சதுர கி.மீ., மக்கள் தொகை 30 லட்சத்தைச் சுற்றி. பெரிய தனியார் மருத்துவமனைகள் விண்ட்ஹுக், சுவகோப்முண்ட் போன்ற சில ஊர்களில்தான். நடுவில் எங்கே விழுந்தாலும் விமானத்தில் தூக்கிப் போக வேண்டி வரலாம். பெட்டி தொலைந்தால் எவ்வளவு, விமானம் தாமதமானால் எவ்வளவு என்ற வரிகளை நான் ஒப்பிடவே இல்லை. வெளியேற்றத்துக்குத் தனியாகப் பெரிய வரம்பு, இருபத்து நான்கு மணி நேர உதவி எண், சிகிச்சைக்கு முன்னால் மருத்துவமனைக்கே நேரடியாக உத்தரவாதம் தரும் வசதி, இந்த மூன்றையும் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். "நல்லாத்தான இருக்கேன், அதை எதுக்கு எழுதணும்?" என்று தயங்கினார். அண்ணிதான் உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பச் சொன்னார். பிரீமியம் ஏறியது, ஒரு நிறுவனம் மறுத்தும் விட்டது. ஏற்றுக்கொண்ட நிறுவனம் அவருடைய நோய்களைப் பெயர் சொல்லி பாலிசியில் எழுதித் தந்தது. அந்தத் தாள்தான் எங்களுக்கு உண்மையான நிம்மதி. சொல்லாமல் விட்ட நோயைக் காட்டி எந்த கிளெய்மையும் தட்டிக்கழிக்க முடியும், இதில் துளியும் சமரசம் வேண்டாம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. சுவகோப்முண்ட் மணல்மேடுகளில் குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஓட்ட கணவருக்கு ஆசை. அதைச் சாகச விளையாட்டு இணைப்பில் சேர்த்தோம். விமானச்சீட்டு வாங்கிய வாரமே பாலிசியையும் எடுத்துவிட்டோம், பயணம் ரத்தானால் கிடைக்கும் காப்பு அன்றிலிருந்தே தொடங்கிவிடும் என்பதால்.

விண்ட்ஹுக்கில் வண்டியை ஒப்படைத்த இளைஞர் பொறுமையானவர். நாங்கள் ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுத்தோம், கூரை, அடிப்பகுதி உட்பட. இரண்டு ஸ்டெப்னியிலும் காற்று பார்த்தோம். ஜாக்கியை வெளியே எடுத்து எங்கே வைத்துத் தூக்குவது என்று அவரையே காட்டச் சொன்னோம். சரளைக்கும் மணலுக்கும் டயர் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்த சீட்டை டாஷ்போர்டில் ஒட்டிவைத்தோம். அந்தச் சீட்டு பயணம் முழுக்கப் பயன்பட்டது. காற்றைக் குறைத்ததும் வண்டி சாலையைப் பிடித்துக்கொண்டு போகிற வித்தியாசத்தை நன்றாகவே உணர முடிந்தது.

டியூன் 45 மணல்மேட்டில் இறங்கும்போது அண்ணி சறுக்கி மணிக்கட்டில் விழுந்தார். வீக்கம் ஏறிக்கொண்டே போனது. செஸ்ரியத்தில் சிக்னல் கிடைத்ததும் உதவி எண்ணை அழைத்தேன். பாலிசி எண், எங்கே இருக்கிறோம், விரலை அசைக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு ஒரு கேஸ் எண் கொடுத்தார்கள். மறுநாள் எப்படியும் சுவகோப்முண்ட் போகிறோம் என்றதும் அங்கே எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். கட்டுப் போட்டார்கள். சிறிய தொகை என்பதால் நாங்களே கட்டிவிட்டு, மருத்துவர் அறிக்கையையும் வகை பிரித்த ரசீதையும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

முன்கண்ணாடி உடைந்தது ட்வைஃபெல்ஃபொன்டைன் போகும் வழியில். எதிரே வந்த லாரி தூசியோடு ஒரு கல்லையும் எறிந்தது. உள்ளங்கை அளவுக்கு விரிசல். அன்றே படம் எடுத்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்பினோம். விரிசல் ஓட்டுநர் பார்வையை மறைக்கவில்லை என்றால் தொடர்ந்து ஓட்டலாம் என்று எழுத்தில் பதில் வந்தது. எட்டோஷாவில் ஒகாக்குவேயோ முகாமின் நீர்நிலைக்கு முன்னால் இரவு உட்கார்ந்து காண்டாமிருகங்கள் தண்ணீர் குடிக்கிறதைப் பார்த்தபோது எங்கள் யாருக்கும் அந்தக் கண்ணாடி நினைவில் இல்லை. காப்பு எடுத்ததன் பலனே அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பக் கொடுக்கும்போது வண்டியைக் கழுவி, பகல் வெளிச்சத்தில், விமானத்துக்கு நிறைய நேரம் இருக்கும்படி போனோம். கண்ணாடிக்குக் கட்டணம் இல்லை என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். பின்பக்க பம்பரில் இருந்த ஒரு கீறலைப் புதிது என்றார்கள், முதல் நாள் வீடியோவைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். கார்டில் பிடித்து வைத்திருந்த டெபாசிட் விடுபட இரண்டு வாரம் போலானது. அண்ணியின் மருத்துவச் செலவில் பாலிசியின் எக்ஸஸைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரைக்கு மட்டும் பணம் வரவில்லை, அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டுமாம்.