வெள்ளிக்கிழமை ஊற விட்ட கிணறு

"லோடுக்கு இருநூறு ரூபாய் ஆச்சி. மாசம் பொறந்தா மொத்தமாக் கையில கொடுத்துடுறேன்."

பங்குனி வெயிலில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காரர் இதைச் சொன்னார். ஊருக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. அதில் 1996-ல் என் வீட்டுக்காரர் போட்ட போர்வெல், ஐந்து எச்பி மோட்டார். தண்ணீர் நல்ல தண்ணீர், உப்புக் கரிக்காது. நாளைக்கு இரண்டு லோடு, பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி. மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய். "கரண்டு ஓசிதானே ஆச்சி, உங்களுக்கு என்ன செலவு?" என்றார்.

முப்பத்தொரு வருடம் சென்னையில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து எழுந்தவள் நான். யாராவது 'செலவே இல்லை' என்றால் கை தானாகப் பென்சிலைத் தேடும். லிட்டருக்கு என்ன விழுகிறது என்று பார்த்தேன். ஒன்றே முக்கால் பைசாகூட வரவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் கேன் தண்ணீர் இருபது லிட்டர் முப்பத்தைந்து ரூபாய், அதாவது லிட்டர் ஒன்றே முக்கால் ரூபாய். அதே மண்ணுக்கடியிலிருந்துதான் அதுவும் வருகிறது. நடுவில் ஒரு ஃபில்டரும் ஒரு மூடியும் சேர்ந்து நூறு மடங்கு ஆக்கிவிட்டன. லாரிக்காரர் லோடை ஆயிரத்து இருநூறுக்கு விற்கிறார். டீசல், டிரைவர், வண்டித் தவணை எல்லாம் அதற்குள் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விலைகள் எதிலும் தண்ணீருக்கென்று ஒரு பைசா இல்லை. எடுக்கிற கூலி, ஏற்றுகிற கூலி, கொண்டுவருகிற கூலி, அவ்வளவுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, தப்பு செய்தேன். பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் கேட்டேன். தோப்பு இன்னும் பிரிக்கவில்லை, எங்கள் பங்கில் இப்போது ஒன்பது புள்ளி. (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, தெரியாதவர்களுக்காக.) கூரை ஓடு மாற்ற வேண்டும் என்று நான் தையில் போட்ட செய்திக்கு இரண்டு கும்பிடு மட்டும் வந்திருந்தது. தண்ணீர்க் காசு என்றதும் ஒன்பது பேரும் முழித்துக்கொண்டார்கள். கொழுந்தனார் ஒருவர் ஜிபே நம்பரே அனுப்பிவிட்டார்.

பங்கு எப்படி என்று தகராறு வந்துவிடக் கூடாதே என்று டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்தேன். 1938. தோப்பில் இப்போதும் இருக்கிற திறந்த கிணறு அப்போது மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், வாரத்தில் இரண்டு நாள் கமலை (மாடு கட்டி இழுக்கும் இறவை) இறைக்கும் பாத்தியம். அதற்கடுத்த வரியைத்தான் இரண்டு மூன்று முறை படித்தேன்: வெள்ளிக்கிழமை யாரும் இறைக்காமல் கிணறு ஊற விட வேண்டியது.

மாட்டுக்கும் ஓய்வு, கிணற்றுக்கும் ஓய்வு. அந்தப் பத்திரத்தை எழுதிய மூன்று பேருக்கும் நிலத்தடி நீர் மேலாண்மை என்ற வார்த்தை தெரிந்திருக்காது. பர்மாவில் வட்டிக்கணக்கு எழுதியவர்கள், அசலைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கிணறும் அவர்களுக்கு உதவியாக இருந்தது: நாற்பத்தைந்து அடியில் அடிமண் தெரிந்துவிடும். மாலைக்குள் வற்றினால் எல்லோர் கண்ணுக்கும் வற்றும். கண்மாய்த் தண்ணீரிலும் இப்படித்தான். நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருப்பார், அவர் மடை திறந்து முறை வைத்து விடுவார், களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். விலை இல்லை, கணக்கு உண்டு.

போரில் கணக்கு ஏது? அறுநூறு அடிக் குழிக்குள் யார் எட்டிப் பார்க்க முடியும்? 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அது கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் எங்கள் தென்னை எப்போதோ மொட்டையாகியிருக்கும். மீட்டர் இல்லாததுதான் உறுத்துகிறது. எவ்வளவு எடுத்தோம் என்று எடுத்தவருக்கே தெரியாது. தவிர, அந்த இலவசம் பயிருக்குக் கொடுத்தது. அதே சர்வீஸில் லாரிக்கு நிரப்பி விற்பது விதிமீறல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேவகோட்டையில் எங்களுக்கு வேண்டிய வக்கீல் அண்ணனிடம் கேட்டேன். சிரித்தார். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம், ஏழாவது பிரிவு. உன் நிலத்துக்கு அடியில் குறிப்பிட்ட கால்வாயாக ஓடாத தண்ணீரை உன் எல்லைக்குள் நீ எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு என்று இல்லை. அதற்கும் முன்னால் 1843-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்காம். நூற்பாலைக்காரர் ஒருவரின் கிணறு, பக்கத்து நிலத்தில் நிலக்கரிக் குழி தோண்டியதும் வறண்டுபோனது. கோர்ட்டுக்குப் போனார். பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்தில்தான் தோண்டினார், உனக்கு நஷ்டம்தான், ஆனால் குற்றம் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. "நாம இன்னும் அந்தக் குழிக்குள்ளதான் இருக்கோம் ஆச்சி" என்றார் அண்ணன்.

நடுவில் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னையைச் சுற்றி மட்டும் 1987-லேயே தனிச் சட்டம் வந்தது. மாநிலம் முழுவதற்கும் 2003-ல் ஒரு சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்படவே இல்லை, 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள். பந்தக்கால் நட்டு, பத்து வருடம் கழித்துப் பிடுங்கிய கதை. அப்புறம் 2014-ல் ஓர் அரசாணை, வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று. 2018-ல் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. லாரிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் ஆச்சி" என்றார். அந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கேட்க முடியாது, உங்களுக்கே தெரியும்.

என்னை நிறுத்தியது சட்டம் இல்லை, எங்கள் வீட்டுக் கூரை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மழை வந்தால் வளவு முற்றத்தில் ஒரே அமர்க்களம். முதல் அரைமணி ஓட்டுத் தூசியைக் கழுவ விட்டுவிட்டு, தகரத் தூம்புக்கு அடியில் பித்தளை அண்டாவைத் தள்ளி, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டுவார்கள். பருப்பு வேக அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று மாமியார் ஒரு குடம் தனியாக மூடி வைப்பார். மிச்சம் முற்றத்து ஓட்டை வழியாகத் தெருக்கால்வாய்க்கு, அங்கிருந்து ஊருணிக்கு. (இப்போது தெருவில் சிமென்ட் போட்டுப் போட்டு வாசல்படிக்கு மேலே உயர்ந்துவிட்டது. முற்றத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றுகிறோம். அதற்குக் கரண்டுக் காசு உண்டு!)

கூரை நாலாயிரம் சதுர அடி, சுமார் 370 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். இரண்டு லாரி நிரப்ப இருபத்துநாலாயிரம் லிட்டர். அப்படியானால் இந்தப் பெரிய கூரை முழுவதும் ஒரே நாளில் ஆறரை சென்டிமீட்டர் மழை பெய்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்தால்தான் லாரிக்காரரின் ஒரு நாள் கணக்கு. அப்படிப்பட்ட மழையை ஐப்பசி கார்த்திகையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் மண்ணுக்குள் இறங்குவது கொஞ்சம், ஓடிப்போவதுதான் அதிகம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குரூப்பில் இரண்டு நாள் அமைதி. ஜிபே அனுப்பியவர் குட்மார்னிங் அனுப்புவதை நிறுத்திவிட்டார், அது லாபம்.

லாரிக்காரர் சுணங்கவில்லை. எங்களுக்கு மேல்பக்கத் தோட்டத்தில் பேசி முடித்துவிட்டார். வேலியிலிருந்து எண்பது அடிகூட இருக்காது. விடிகாலை நாலரைக்கு மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது.

அதன் பிறகு ஒரு வேலை வைத்துக்கொண்டேன். கெஜத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, நுனியில் அம்மிக்குழவி உடைந்த துண்டு. வெள்ளிக்கிழமை தோறும் பழைய கிணற்றின் விளிம்பிலிருந்து விடுகிறேன். செம்புறாங்கல் சுவரில் இரண்டு இடம் உரசி, அப்புறம் 'களுக்' என்று ஒரு சத்தம். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து முடிச்சை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். பங்குனியில் முதல் முறை விட்டபோது பதினொன்று. சித்திரை பிறந்தபோது பன்னிரண்டரை. நேற்று பதினாலைத் தொட்டது, சத்தமும் களுக்கென்று இல்லை, சேற்றில் விழுந்த மாதிரி இருந்தது. கோடையில் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு வெயிலுக்கு, எவ்வளவு லாரிக்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கயிறு மட்டும்தான் இருக்கிறது.

வைகாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணம் எங்கள் வீட்டில்தான். சமையல்காரர் பாத்திரத்தையும் வளவையும் பார்த்துவிட்டு ஆறு லோடு சொல்லிவிடுங்கள் என்றார். இங்கே அந்த அளவுக்கு லாரி வைத்திருப்பவர் ஒருவர்தான். போன் செய்தேன்.

"உங்க மேலத்தோட்டத்துத் தண்ணிதான் ஆச்சி, தேங்காய்த் தண்ணி மாதிரி இருக்கும்" என்றார். லோடு ஆயிரத்து இருநூறு.