வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

உச்சிப்புளியைத் தாண்டும்போதே செயினிலிருந்து அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலும், என்ஜினின் ஓசையும், முன்னால் சென்ற வண்டியின் உறுமலும் ஒன்றாகக் கலந்திருந்தபோதும், ‘டக்’ என்று ஓர் அடியும் சிறிது இடைவெளிக்குப் பிறகு இன்னோர் அடியும் கால்மிதியின் வழியாகப் பாதத்துக்கு வந்துகொண்டிருந்தன. இராமநாதபுரத்திலிருந்து விடியுமுன் ஆறு வண்டிகளில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டிருந்தோம். வழக்கம்போல நான் நான்காவதாகச் சென்றேன். கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தியிருக்கலாம். ஆனால், முந்தைய நாள் மாலைதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செயினைத் துடைத்து எண்ணெய் விட்டிருந்ததால், என் உழைப்பின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை என்னை நிறுத்தவிடவில்லை.

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டின் 411 சிசி ஹிமாலயன் மோட்டார் சைக்கிள். சென்னையிலிருந்து இரண்டாம் கையாக வாங்கினேன். பதினைந்து லிட்டர் டேங்கும், முன்னால் 21 அங்குலச் சக்கரமும், பின்னால் 17 அங்குலச் சக்கரமும் கொண்ட, வேகத்துக்குப் பெயர் போகாத, ஆனால் நாள் முழுவதும் ஒரே தாளத்தில் ஓடக்கூடிய வண்டி அது. அதை நான் வாங்கிய காலத்தில், நெடும்பயண வண்டி வைத்திருப்பது என்றால் மலைப்பாதைகளைப் பற்றிக் கவலைப்படுவதுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் மலை ஏது? தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறத்தாழ மேசைபோலத்தான் கிடக்கிறது. இங்கே வண்டியைத் தின்பவை இரண்டு: ஒன்று சீமைக்கருவேல முள், மற்றொன்று உப்பு. முள் தின்பது உடனே தெரிந்துவிடும். உப்பு தின்பது தெரிவதற்கு ஆறு மாதமாகும்.

முள்ளின் தயவால்தான் இந்த நண்பர்கள் எனக்குக் கிடைத்தார்கள். ஈராண்டுகளுக்கு முன்பு வாலிநோக்கத்துக்குப் பிரியும் சாலையில், கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிச் சென்ற சீமைக்கருவேல விறகிலிருந்து விழுந்த ஒரு கிளையின் மேல் பின்சக்கரத்தை ஏற்றிவிட்டேன். கம்பிச் சக்கரம் என்பதால் உள்ளே டியூப். டியூப் என்பதால் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். நண்பகல் வெயிலில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றபோது, எதிரே வந்த இருவர் நான் கேட்காமலேயே நின்றார்கள். ஒருவர் மண்டபத்துக்காரர், மற்றவர் கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். அவரை நாங்கள் எல்லோருமே பாய் என்றுதான் அழைக்கிறோம். அன்று அவர் ஒட்டுப் போட்டுவிட்டு டயரை மாட்டவில்லை. “முதல்ல டயருக்குள்ள கைய விட்டுத் தடவு தம்பி. உடைஞ்ச முள்ளு உள்ளயே இருக்கும்” என்றார். இருந்தது, ஒன்றல்ல, இரண்டு. அதைத் தடவிப் பார்க்காமல் மாட்டியிருந்தால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் மறுபடியும் அதே வேலைதான். அன்றிலிருந்து அவர்களோடு சேர்ந்து ஓட்டுகிறேன்.

எங்களுக்குச் சங்கமோ, பெயரோ, ஒரே மாதிரியான சட்டையோ கிடையாது. யாரிடம் என்ன இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். கால் பம்பு மண்டபத்துக்காரரிடம் இருக்கும். இரண்டு அளவு டியூப்களும், டயரை நெம்பிக் கழற்றும் லிவர்களும் என்னிடம் இருக்கும். நட்டை எவ்வளவு இறுக்கினோம் என்று அளந்து சொல்லும் டார்க் ஸ்பேனரைத் தனியாக வாங்க ஒருவருக்கும் மனம் வராததால், ஆறு பேரும் பங்கு போட்டு வாங்கிப் பாயின் பட்டறையில் வைத்திருக்கிறோம். முன்னால் வழிகாட்டுபவர் மாறுவார். கடைசி வண்டி மட்டும் எப்போதும் பாயுடையதுதான், ஏனென்றால் யார் நின்றாலும் அவர் கண்ணில் படாமல் போக முடியாது.

பாம்பன் பாலத்தில் ஏறியபோது வெளிச்சம் வந்துவிட்டது. ஆனி மாதம் என்பதால் கச்சான் காற்று தெற்கும் மேற்குமாக வந்து அறைந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்து மன்னார் வளைகுடாவில் நுரை எழும்பிக்கொண்டிருக்க, இடப்பக்கத்துப் பாக் நீரிணை கண்மாய்போலச் சும்மா கிடந்தது. இந்தப் பக்கத்தில் அவற்றை ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வதன் பொருள் அந்த மாதத்தில்தான் புரியும். 1988-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளமுடையது. அதன் உச்சியில் படம் எடுக்க நிற்கும் கார்களுக்கு இடையே பக்கக்காற்றில் வண்டி ஓட்டுவது எனக்கு எப்போதுமே பிடிக்காத வேலை. ஹேண்டிலை இறுகப் பிடித்தால் காற்றின் ஒவ்வோர் அடியும் நேராகச் சக்கரத்துக்குப் போய்விடும். முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு கைகளைத் தளர்த்திவிட்டால் வண்டி தானே சாய்ந்து தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். பாலத்தில் மட்டும் இடைவெளியை இரு மடங்காக்குவது எங்கள் வழக்கம்.

அருகில் இரண்டு ரயில் பாலங்கள் தெரிந்தன. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நடுப்பகுதி நேர்செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. துரு பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், கடற்காற்றைத் தாங்கும் பாலிசைலாக்சேன் பூச்சையும் புதிய பாலத்துக்குப் பயன்படுத்தியிருப்பதாக ரயில்வே சொல்கிறது. இரும்பை அரிக்கும் சூழலில் உலகத்தில் மயாமிக்கு அடுத்த இடம் பாம்பனுக்குத்தான் என்று இங்கே எல்லோரும் ஒரு பெருமையோடு சொல்வார்கள். அரசாங்கமே அவ்வளவு பாடுபடும் காற்றில், நான் ஒரு பழைய பல்துலக்கியையும் அரை லிட்டர் மண்ணெண்ணெயையும் நம்பி வந்திருந்தேன்.

இராமேஸ்வரத்தில் பெட்ரோலும் தேநீரும். கோயிலைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தனுஷ்கோடிச் சாலையில் இறங்கியதும் செயினின் சத்தம் கூடிவிட்டது. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு வேன்கள் மணலில் உருண்டு போன இடத்தில் இப்போது தார் இருக்கிறது. ஆனால் மணல் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. கச்சான் அடிக்கும் நாட்களில் அது புகைபோலத் தரையோடு தரையாகச் சாலையைக் கடந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைக்குள் எண்ணெய் பூசிய செயினோடு போவது, மாவு தெளித்த பலகையில் ஈரக் கையை வைப்பது போலத்தான்.

இடிந்த தேவாலயத்துக்கு அருகில் பாய் பின்னாலிருந்து ஹாரன் அடித்து நிறுத்தினார். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, மணலில் புதையாமல் இருக்க அடியில் இரண்டு தட்டைக் கற்களை வைத்தோம். அவர் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, “எத்தனை சுத்துக்கு ஒரு தடவை இடிக்குது, எண்ணு” என்றார். எண்ணினேன். சக்கரம் ஏறத்தாழ மூன்று சுற்றுச் சுற்றினால் ஒரு முறை இடித்தது. சக்கரத்திலோ பின் பல்சக்கரத்திலோ கோளாறு இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடிக்கவேண்டும். மூன்று சுற்றுக்கு ஒரு முறை என்றால் கோளாறு செயினில்தான், ஏனென்றால் செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்கு அவ்வளவு ஆகும். இந்தக் கணக்கு எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது. அடுத்த சுற்றில், முன் பல்சக்கரத்தை விட்டு வெளியே வந்த கண்ணிகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, நிமிராமல் முழங்கைபோல மடங்கியே நின்றன. அவற்றின் ஓரத்தில் காவி நிறத்தில் ஒரு பசை கசிந்திருந்தது.

“எப்படிக் கழுவுறே?”

“மண்ணெண்ணெய்தான் பாய். பெட்ரோல் ஊத்துறதே இல்ல. கம்பி பிரஷ் தொடுறதே இல்ல.”

அது இரண்டும் அவரே சொல்லிக்கொடுத்தவை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ளே அடைத்த கிரீஸைக் காக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. பெட்ரோல் அதை உப்பவைக்கும், கம்பி பிரஷ் அதைக் கிழிக்கும். வெளியூரில் ஒரு கடையில் என் முந்தைய செயினைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பளபளப்புக்கு நான் நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு மாதத்தில் செயின் போயிற்று. இந்த முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகவே எண்ணியிருந்தேன்.

“மண்ணெண்ணெயில உப்பு கரையுமா தம்பி?”

எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மாதக்கணக்காக நான் அழுக்கை எடுத்துவிட்டு, உப்பை அங்கேயே விட்டு, அதன் மேல் எண்ணெயைப் பூசி மூடி வைத்திருக்கிறேன். வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவியதும் உண்டு. ஆனால் அது எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர். துணியில் பட்டுக் காய்ந்தால் வெள்ளை படியும் தண்ணீர் அது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். இராமநாதபுரத்தில் குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, குடத்துக்கு இவ்வளவு என்று விற்கும் தண்ணீரையோ எதிர்பார்த்து நிற்கும் தெருவில், வண்டிக்கு நல்ல தண்ணீர் எடுக்க யாருக்குக் கை வரும்?

“மொதல்ல உப்பு, அப்புறம் அழுக்கு, கடைசியா எண்ணெய்” என்று பாய் வரிசையைச் சொன்னார். உப்பை எடுக்க நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் ஆறு பேரின் பாட்டில்களிலும் இருந்தது குடிக்கவே போதாது. சங்கும் பாசியும் விற்கும் கொட்டகையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்தார்.

“என்னய்யா, வண்டி படுத்துருச்சா?”

“செயின்ல உப்பு ஏறிருச்சு ஆத்தா. நல்ல தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?”

“இந்தா, அங்கிட்டு ஊத்து கிடக்கு. வா.”

கொட்டகைக்குப் பின்னால், இருபுறமும் கடல் தெரியும் அந்த மணல்திட்டில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி இருந்தது. அதன் அடியில் கையகலத் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. அவர் குழிக்குள் இறங்கிக் குந்தி, ஒரு கொட்டாங்கச்சியால் தண்ணீரை மேலோடு மேலாக, அடி மணல் கலங்காமல் கோதிக் குடத்தில் ஊற்றினார். ஒவ்வொரு கோதலுக்கும் பிறகு தண்ணீர் ஊறி வரச் சற்றுக் காத்திருந்தார். அவசரப்பட்டுத் தோண்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “உப்பு வந்துரும்” என்றார். மணலில் இறங்கும் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலமாக நிற்கிறது. மேலாக எடுப்பவருக்குத்தான் அது கிடைக்கும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் இந்த ஊரையே வாரிக்கொண்டு போன பிறகும் இங்கே மனிதர்கள் இருக்க முடிகிறது என்றால், இப்படிப்பட்ட ஊற்றுகளும் ஒரு காரணம். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைவிட இனிப்பாக இருந்தது.

குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, “குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறவன இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று அவர் சிரித்தார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஊற்றவில்லை, ஒரு பழைய பனியனை நனைத்துப் பிழிந்து, கண்ணி கண்ணியாகப் பிடித்துத் துடைத்தேன். மண்டபத்துக்காரர் சக்கரத்தை நகர்த்தினார். மூன்றாவது சுற்றில்தான் துணியில் காவி நிறம் குறைந்தது. கால் குடம்கூடச் செலவாகவில்லை. பிறகு உலர்ந்த துணி, பிறகு மண்ணெண்ணெயும் பல்துலக்கியும், மீண்டும் துணி, கடைசியாக 90 கிரேடு கியர் ஆயில். முடங்கிய இரண்டு கண்ணிகளையும் பாய் தன் விரல்களுக்கு இடையே வைத்து, எண்ணெய் விட்டு விட்டு இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டே இருந்தார். ரப்பர் வளையம் போய், உள்ளிருந்த கிரீஸும் போய்விட்ட கண்ணி இனி நிரந்தரமாகச் சரியாகாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வீடு போய்ச் சேரும் அளவுக்கு அது மடங்கி நிமிர்ந்தால் போதும். செயினின் தளர்வைச் சரிபார்த்தபோது, மிக இறுக்கமான இடத்தில் வைத்து அளக்கச் சொன்னார். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், முடங்கிய கண்ணி வரும்போதெல்லாம் கியர்பாக்ஸின் பேரிங்கைப் பிடித்து இழுக்குமாம்.

அரிச்சல்முனையில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கவில்லை. திரும்பும் வழியில் மூதாட்டியிடம் ஒரு சங்கு மாலை வாங்கினேன். தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மண்டபத்தில் எல்லோரும் பிரியும் இடத்தில், படகு என்ஜின் பார்க்கும் ஒருவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் கிரீஸ் தடவாமல் மாட்டக்கூடாது என்று ஒரு பாடம் நடத்தினார். பாய் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தனக்குத் தெரிந்ததையே பிறர் சொன்னாலும் முதன்முறை கேட்பதுபோலக் கேட்பது அவருடைய குணம். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இரவு வீட்டில், குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு சொம்பு மட்டும் எடுத்து, முன் ஃபோர்க்கின் தண்டுகளையும், கம்பிகள் ரிம்மோடு சேரும் இடங்களையும், செயினையும் நனைந்த துணியால் துடைத்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் குடம் தூக்குவது நான்தான் என்று மட்டும் முடிவாகிவிட்டது. காலையில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு கண்ணிகளில் ஒன்று நிமிர்ந்துவிட்டது. மற்றொன்று இன்னும் முழங்கையாகத்தான் நிற்கிறது. செயினும் இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்த புதிய செட்டுக்குப் பாயிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பட்டறைக்கு வரச் சொன்னார், வரும்போது ஒரு கேன் நல்ல தண்ணீரும் கொண்டு வரச் சொன்னார்.