ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

மழையில் மலையேற எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கடையில் நின்றபடியே அதை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்பதுதான். வெளிப்பக்கம் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். உள்ளே தையல் ஓடுகிற இடமெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறதா? ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல், துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சரி. சிலர் தோளிலும் தொப்பியிலும் மட்டும் டேப் ஒட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள், லேபிளில் மட்டும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

அடுத்து, அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பார்ப்பேன். வியர்வையை ஆவியாக வெளியே அனுப்பும் துணி என்று விளம்பரம் செய்கிறார்களே, அது நன்றாக வேலை செய்ய வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் காய்ந்திருக்க வேண்டும். ஜூலை மாத வால்பாறையில் காற்றே ஈரமாகத் தொங்கும்போது ஆவி எங்கே போகும்? ஏற்றத்தில் அந்த ஜிப்பைத் திறந்துவிட்டால் கிடைக்கிற சுகத்தை எந்த விலை உயர்ந்த துணியும் தராது.

சரி, பிராண்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்தது பட்டகோனியா. மலையேறிகளுக்கு இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த இவோன் ஷுய்னார்ட் 1973-இல் தொடங்கிய கலிபோர்னியா கம்பெனி. 2011 நவம்பரில், அமெரிக்காவே கடைகளில் முட்டிமோதுகிற தள்ளுபடி நாளில், நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள்: ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்.’ கீழே கணக்கும் போட்டிருந்தார்கள். அந்த ஒரு ஜாக்கெட்டைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர், வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு சுமார் 9 கிலோ, அதாவது ஜாக்கெட்டின் எடையைப் போல 24 மடங்கு. அதற்கப்புறமும் விற்பனை ஏறத்தான் செய்தது, அதனால் இதுவும் ஒரு வியாபாரத் தந்திரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் தன் சரக்கின் குறையைத் தானே அச்சடித்துக் கொடுக்கிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1996 முதல் தங்கள் பருத்தித் துணி எல்லாவற்றையும் இயற்கை முறைப் பருத்திக்கு மாற்றினார்கள். 2022-இல் ஷுய்னார்ட் குடும்பம் கம்பெனியையே ஓர் அறக்கட்டளைக்கும், சுற்றுச்சூழலுக்காகச் செலவழிக்கிற ஓர் அமைப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது.

என்னை மடக்கியது இதெல்லாம்கூட இல்லை, கிழிந்ததைத் தைத்துத் தருகிறார்களே, அதுதான். நெவாடாவில் ரீனோ என்ற ஊரில் இதற்கென்றே பெரிய பட்டறை வைத்திருக்கிறார்கள். விலை அதிகம், அதை மறைக்க முடியாது. அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் டேப், ஜிப் இரண்டையும் பார்த்து வேறு எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதமே.

எதை வாங்கினாலும் துவைக்காமல் வைக்காதீர்கள். மேல்துணியில் நீர் முத்து முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் எண்ணெயும் அழுக்கும்தான் காரணம். மென்மையான சோப்பில் அலசி, லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் காய வையுங்கள், துணியை மிருதுவாக்கும் திரவம் மட்டும் வேண்டாம். கிழிந்தால் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து ஊசி ஏற்றாதீர்கள், ஒட்டுகிற பேட்ச் கிடைக்கிறது.