மூடுபனியில் கருப்பு-வெள்ளை முகங்கள்: கேட்ட கருத்தும் செய்து பார்த்த மாற்றமும்

நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கின் தேயிலை ஓரங்களில் ஜூன் மாதம் தொடங்கிய பயிற்சி இது. வெளி வெளிச்சம் மட்டும், மனித முகம், கருப்பு-வெள்ளை. ஒவ்வொரு சுற்றிலும் எடுத்ததை 5க்கு 7 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பது, சொன்னதை நோட்டில் எழுதுவது, அடுத்த சுற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி எடுப்பது. இதுதான் முறை. படம் எடுப்பதைவிடக் கருத்து சொல்வதற்குத்தான் அதிகப் பழக்கம் தேவை என்பது இரண்டாவது சுற்றிலேயே புரிந்துவிட்டது. அதனால் கேமரா செட்டிங்குக்கு எவ்வளவு இடமோ, மேசையில் நடந்த பேச்சுக்கும் அவ்வளவு இடம் இதில் உண்டு.

முதல் சுற்று: "முகம் இருட்டா இருக்கு"

85 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா, ஆளுக்கும் கேமராவுக்கும் 2 மீட்டர், லென்ஸ் திறப்பு எஃப்/4, ஷட்டர் 1/250 வினாடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400க்கு மேல் தேவைக்கேற்ப. எஃப்/1.8 என்ற அகலத் திறப்பில் இந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் இடம், சுமார் 6 செ.மீ.தான் கிடைக்கும். முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே பக்கத்துக் கண் கூர்மையாகவும் தூரத்துக் கண் கரைந்தும் போகும். எஃப்/4இல் அது 13 செ.மீ. ஆகிறது, இரண்டு கண்ணும் அடங்கிவிடும். பின்னணியை மூடுபனியே கரைத்துக் கொடுக்கிற ஊரில் எஃப்/1.8க்காக ஏங்க வேண்டியதில்லை.

மூடுபனியில் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாறும். ஃபிரேமில் பாதிக்கு மேல் வெள்ளை இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகமும் கூடவே இறங்கிவிடும். பனியின் அடர்த்தியைப் பொறுத்து +1 முதல் +1⅔ ஸ்டாப் வரை ஏற்ற வேண்டியிருந்தது (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பது). இதைவிட நம்பகமான வழி, வெளிச்சம் விழும் கன்னத்தில் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளப்பது) வைத்து எடுப்பது.

இந்தச் சுற்றில் மேசையில் அதிகம் கேட்ட வாக்கியம் "முகம் இருட்டா இருக்கு, கொஞ்சம் ஏத்துங்க" என்பது. இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உண்மையிலேயே குறைந்த எக்ஸ்போஷர். இன்னொன்று, மாநிறத்தையும் கருநிறத்தையும் குறையாகப் பார்க்கும் கண்ணின் பழக்கம். இரண்டையும் பிரிக்க ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள்-வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எண் உதவுகிறது. ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கருப்பிலிருந்து வெள்ளை வரை டோனைப் படிகளாகப் பிரிக்கும் ஜோன் முறையில் வெள்ளையர் முகம் ஆறாவது ஜோன், கருநிறத் தோல் ஐந்தாவது. ஐந்தாவது ஜோன் என்பது கணினியில் 0 முதல் 255க்குள் ஏறக்குறைய 118. மாநிற முகத்தின் வெளிச்சப் பக்கம் 118 முதல் 140 வரை நின்றால் அது சரியான எக்ஸ்போஷர். 118இல் இருப்பதை 165க்குத் தூக்கினால் ஒரு ஸ்டாப்புக்குமேல் ஏறிவிடும். அப்போது படத்தில் இருப்பவர் அவர் இல்லை. படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில் ஆரஞ்சு ஸ்லைடரை (ஆரஞ்சு நிறப் பகுதிகளின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி இறக்குவது) +40 தள்ளினால் யார் முகமும் வெளுக்கும், தோலின் நயமும் கன்னத்தின் வளைவும் அதோடு போய்விடும். முதல் சுற்றுப் படங்களை எண் வைத்துப் பார்த்தபோது சிலவற்றில் கன்னம் 80 அருகே கிடந்தது. அவற்றுக்கு அந்தக் கருத்து சரி. மற்றவற்றில் கன்னம் 125இல் இருந்தது. அவற்றை அப்படியே விட்டோம். இதற்குப் பிறகு "இருட்டு" என்று யார் சொன்னாலும் "கன்னமா, கண்குழியா, முடியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பல நேரம் விடை கண்குழி. மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் புருவம் நிழல் போட்டுவிடும். அப்போது ஸ்லைடரைத் தொட்டுப் பயனில்லை. ஆளை மரநிழலின் உள்ளேயிருந்து விளிம்புக்கு நகர்த்தி, திறந்த வானத்தைப் பார்க்க வைத்து, தாடையை ஒரு விரல்கடை உயர்த்தச் சொன்னாலே கண்ணில் ஒளிப்புள்ளி வந்துவிடும்.

தேயிலையும் தோலும் ஒரே சாம்பல்

நீலகிரியில் எடுப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கலரில் பச்சைக்கு முன்னால் மாநிற முகம் பளிச்சென்று தெரியும். கருப்பு-வெள்ளைக்கு மாற்றிய உடனே தேயிலையும் கன்னமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி, முகத்தின் ஓரம் செடிக்குள் கலந்துவிடும். பளபளப்பான இலைகள் வானத்தைப் பிரதிபலித்துப் பொட்டுப்பொட்டாக வெள்ளைப் புள்ளிகளும் தரும். கண் முகத்தில் நிற்காமல் அந்தப் புள்ளிகளில் தாவும்.

இதற்கு மேசையில் வந்த மருந்து: "கான்ட்ராஸ்ட் ஏத்துங்கண்ணா, மூட் வரும்." ஏற்றிப் பார்த்தோம். தேயிலைப் புள்ளிகள்தான் இன்னும் வெளுத்தன. முகமும் செடியும் சேர்ந்தே நகர்ந்ததால் பிரிவு வரவில்லை. மேசையில் கிடைத்த பெரிய பாடம் இங்கேதான். பார்ப்பவர் சுட்டும் இடம் அநேகமாக எப்போதும் சரியாக இருக்கிறது, அவர் சொல்லும் தீர்வு பாதி நேரம் தவறிவிடுகிறது. இரண்டையும் நோட்டில் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொண்டால், தீர்வு பலிக்காதபோது கருத்தையே தூக்கிப் போடத் தோன்றாது.

பலித்தது இரண்டு வேலை. முதலாவது ரா ஃபைலில், அதாவது கேமரா சுருக்காமல் பதிந்த மூல ஃபைலில். தேயிலைக் கொழுந்தின் பச்சை பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடரில்தான் அடங்கியிருக்கிறது, பச்சை ஸ்லைடரில் இல்லை. மஞ்சளை −35, பச்சையை −20 இறக்கினால் செடி இருண்டு முகம் தனியாக நிற்கும். −60க்குக் கீழே போனால் முடி ஓரத்திலும் காதோரத்திலும் கோடு விழ ஆரம்பிக்கும், ஜேபெக்கில் இன்னும் சீக்கிரமே. இரண்டாவது வேலை எடுக்கும்போதே செய்வது: ஆளைச் செடியிலிருந்து மூன்று நான்கு மீட்டர் முன்னே கொண்டுவந்து, கேமராவை மார்பளவுக்குத் தாழ்த்தி, தலைக்குப் பின்னால் தேயிலைக்குப் பதில் மூடுபனி வரும்படி பார்ப்பது. இரண்டாவதுதான் நல்லது. ஸ்லைடர் கடைசிக் கைவைத்தியம்.

மூடுபனி பின்னால் வரும்போது ஓரங்களின் கான்ட்ராஸ்டைக் கூட்டும் கிளாரிட்டி ஸ்லைடரைத் தொடக் கூடாது. தலையைச் சுற்றி வெள்ளை வட்டம் கட்டிவிடும், பிரிண்டில் அது அப்பட்டமாகத் தெரியும்.

கருப்புக் குடை

ஜூலை முழுக்க வந்த கருத்து ஒன்றே: முகம் தட்டையாக இருக்கிறது, மூக்கு எழும்பவில்லை. மூடுபனி எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் தருவதால் நிழலே விழாது. வெளிச்சம் கூட்டும் தெர்மோகோல் அட்டை இங்கே எதிர்வேலை செய்யும். தேவை வெளிச்சத்தைத் தடுப்பது.

மழைக்காலத்தில் நீலகிரியில் யார் கையிலும் இருக்கும் கருப்புக் குடையே இதற்குப் போதும். விரித்த குடையை ஒரு கன்னத்துக்கு இரண்டடி தூரத்தில், உட்புறம் முகத்தைப் பார்க்கும்படி, ஃபிரேமுக்கு வெளியே பிடித்துக்கொள்ள ஓர் ஆள். கன்னத்தின் நிழல் பக்கம் 120இலிருந்து 85 அருகே இறங்கினால் ஒரு ஸ்டாப் வித்தியாசம் வந்துவிட்டது என்று பொருள். முகத்துக்கு அது நிறைவான அளவு. ஓரடிக்குக் கொண்டுவந்தால் அந்தப் பக்கக் கண்ணில் ஒளிப்புள்ளி செத்துவிடும். நான்கடியில் பிடித்தால் மாற்றமே தெரியாது. மழைத்துளி உட்காரும் ஈரக் குடையும் வேண்டாம், துளிகள் மினுங்கிக் கன்னத்தில் வெளிச்சம் தெறிக்கும். கருப்புக் கம்பளி கிடைத்தால் அது இன்னும் நன்றாக வெளிச்சத்தை விழுங்கும், பிடித்து நிற்பவர் கைதான் வலிக்கும்.

குடையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என ஒரே ஆளை, ஒரே இடத்தில், இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதைப் பார்த்தபின் "தட்டை" என்ற சொல்லுக்கு மேசையில் எல்லோருக்கும் ஒரே பொருள் வந்துவிட்டது.

ஃபிலிம் சுற்று: தோடர் போர்வை

கருப்பு-வெள்ளை ஃபிலிம் இதே நீலகிரியில் தயாரானது. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, இந்து என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் தந்தது. ஆலை மூடிய பிறகு இன்று ஒரு ரோலைக்கூட வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். டிசம்பரில் பயன்படுத்தியது ஐஎஸ்ஓ 400 இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ்.

வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கருப்பும் நூலால் பூவேலை செய்த, நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் போர்வையோடு ஒரு பெரியவரை எடுக்க அனுமதி கிடைத்தது. ஆளை நிற்க வைக்கும் முன் போர்வையை மட்டும் நான்கு விதமாக எடுத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் வண்ணக் கண்ணாடி) இல்லாமல் சிவப்பு நூலும் கருப்பு நூலும் அடுத்தடுத்த கருஞ்சாம்பல், வேலைப்பாடு ஒரே பட்டையாகத் தெரிந்தது. மஞ்சள் ஃபில்டரில் பெரிய மாற்றமில்லை. ஆரஞ்சில் சிவப்பு நடுச்சாம்பலாகி, கருப்பு கருப்பாகவே நின்றது, வேலைப்பாடு துலங்கியது. 25 எண் சிவப்பு ஃபில்டரில் சிவப்பு நூல் வெள்ளைத் துணியோடே கலந்து பாதி வேலை காணாமல் போனது. எக்ஸ்போஷரை மஞ்சளுக்கு 1 ஸ்டாப், ஆரஞ்சுக்கு சுமார் 2, சிவப்புக்கு 3 கூட்டினோம். சிவப்பு ஃபில்டர் வழியாகக் கேமரா மீட்டர் பிசகக்கூடும். ஃபில்டரைக் கழற்றி அளந்துவிட்டு மூன்று ஸ்டாப் திறப்பதே பத்திரம்.

ஆரஞ்சில் எடுத்த முகப் படத்துக்கு இரண்டு கருத்து மோதின. ஒருவர் பூவேலை அருமை என்றார். இன்னொருவர் முகம் வெளுத்து உதடே தெரியவில்லை என்றார். இருவரும் சொன்னது நிஜம். ஆரஞ்சுக் கண்ணாடி சிவப்பு நூலைத் தூக்கும்போது தோலையும் உதட்டையும் சேர்த்தே தூக்கும், ஃபிலிமில் இவற்றைப் பிரிக்க வழியில்லை. டிஜிட்டலில் உண்டு: நூல் சிவப்பு ஸ்லைடரில், தோல் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில். இப்படி மோதும்போது ஓட்டெடுப்பு நடத்துவதில் பயனில்லை. படம் போர்வைக்கா, மனிதருக்கா என்று எடுத்தவரைக் கேட்க வேண்டும். இங்கே மனிதருக்கு என்பதால் ஃபில்டர் இல்லாத நெகட்டிவ்வையே தேர்ந்தோம்.

இன்னொரு ரோலில் எல்லாப் படமும் சோகையாக, கான்ட்ராஸ்ட் இல்லாமல் வந்தன. வெளிச்சத்தைக் குறை சொன்னார்கள். காரணம் தண்ணீர். ஃபிலிமைக் கழுவும் ஐடி-11 டெவலப்பரை 1+1, அதாவது தண்ணீரோடு சம அளவு கலந்து 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது கணக்கு. ஊட்டி டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரோகுவினோன் 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலை நிறுத்திவிடும், அதில் உள்ள இன்னொரு மருந்தான மெட்டால் மட்டும் தனியாக இழுக்கும், நெகட்டிவ் மெலியும். இளஞ்சூடான நீர் நிரப்பிய வாளியில் டேங்கையும் எல்லாக் கரைசல்களையும் 20 டிகிரியில் நிறுத்தி வைத்து, முதல் 10 வினாடியிலும் அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை கவிழ்த்து எடுத்ததும் அடுத்த ரோல் சரியானது. கழுவும் தண்ணீரையும் திடீரென்று பச்சைத் தண்ணீராக மாற்றக் கூடாது, ஜெலட்டின் சுருங்கி வலைபோல் வெடிப்பு விடலாம்.

மேசையில் பேசும் விதம்

முதல் பத்து வினாடி யாரும் பேசுவதில்லை. கண் முதலில் எங்கே போனது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது உண்டு. முகம் என்ற நினைப்பு போய்விட்டால் டோன் மட்டும் கண்ணில் படும், மூலையில் கிடக்கும் வெள்ளைத் திட்டு உடனே பிடிபடும். "சூப்பர்", "செம" இரண்டும் நோட்டில் ஏறாது. ஏறுவது இப்படி இருக்க வேண்டும்: "இடது காதுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரம் தலையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கு, கேமராவை ஒரு அடி வலப்பக்கம் நகர்த்திப் பாருங்க."

எடுத்தவர் கொண்டுவர வேண்டியவை: வெட்டாத முழுப் படம், எடுத்த நேரம், வெளிச்சம் வந்த திசை, ஒரே ஒரு கேள்வி. "எப்படி இருக்கு?" என்பது கேள்வியாகாது. "நிழல் பக்கக் கண் போதுமான அளவு தெரிகிறதா?" என்பது கேள்வி. பேசி முடிக்கும்வரை எடுத்தவர் விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னால் பார்ப்பவர்கள் படத்தை விட்டுவிட்டு விளக்கத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

பிரிண்டில் ஒரு எச்சரிக்கை. பிரிண்ட் போடும் லேப்பில் "கரெக்ஷன் வேண்டாம்" என்று சொல்லிக் கொடுக்காவிட்டால் மெஷின் முகத்தைத் தானே வெளுப்பாக்கிவிடும். கலர் தாளில் போடுவதால் லேசான பச்சையோ மெஜந்தாவோ ஏறலாம். அதைப் பார்த்து டோனைப் பற்றிக் கருத்து சொன்னால் வீண்.

படத்தில் இருப்பவரின் கருத்தையும் கேட்கிறோம். தோட்ட வேலை செய்யும் ஒரு பாட்டி பிரிண்டை வாங்கி, விரலால் கன்னத்தைத் தடவி, "இத்தனை சுருக்கமா கண்ணு எனக்கு?" என்றார். "பிடிச்சிருக்கா பாட்டி?" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். நான்கு பிரிண்டை வைத்து, "இதுல எதை வீட்டுல மாட்டுவீங்க?" என்றால் நேர்மையான பதில் வரும். அவர் எடுத்தது கருப்புக் குடை இல்லாமல் எடுத்த, நாங்கள் தட்டை என்று ஒதுக்கிய படம். அதில் அவர் கண் நேராகப் பார்க்கிறது, மற்ற மூன்றிலும் பக்கவாட்டில் போகிறது. மேசையில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த சுற்று ஜனவரியில் கோத்தகிரிப் பக்கம், பனி இல்லாத காலை எட்டு மணி வெயிலில். அதே 85 மி.மீ., எஃப்/4, கன்னம் 118. கேள்வி: நேர் வெயிலில் மூக்கு நிழல் மேலுதட்டைத் தொடாமல் இருக்க முகத்தை எவ்வளவு திருப்ப வேண்டும்?