தெல் அவீவ் அலுவலகத்தில் பழகிய ஹீப்ரு

தெல் அவீவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், வந்து குடியேறுவோருக்கு ஹீப்ரு கற்பிக்கும் 'உல்பான்' வகுப்புக்கு மாலை வேளைகளில் சென்று வந்தேன். முதல் உல்பான் 1949-இல் ஜெருசலேமில் தொடங்கப்பட்டது. மூன்று மெய்யெழுத்துகளாலான வேர்ச்சொல், அதிலிருந்து கிளைக்கும் வினை வடிவங்கள், உயிர்க்குறிகள் இல்லாமலே படிக்கும் பயிற்சி ஆகியவற்றை வகுப்பு செம்மையாகவே கற்பித்தது. ஆனால் ஒரு வேலை அவசரமானதா, நன்றாக முடிந்ததா, அதற்கு யார் பொறுப்பு என்பவையெல்லாம் அலுவலகத்தில் பாடநூலில் இல்லாத சொற்களிலேயே பேசப்பட்டன.

அச்சொற்கள் பல திசைகளிலிருந்து வந்தவை. 'சரி, கிளம்பலாம்' என்று அவசரப்படுத்தும் 'யல்லா'வும், எதற்கும் இசைவு சொல்லும் 'சபாபா'வும் அரபியிலிருந்து வந்தவை. எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும் நிலையைக் குறிக்கும் 'பலகான்' ருஷ்ய மொழி வழியாக வந்தது. 1953-இல் நிறுவப்பட்ட ஹீப்ரு மொழிக் கழகம் கைபேசிச் செயலிக்கு 'யிசுமோன்' என்ற சொல்லை வகுத்துத் தந்திருந்தும், என்னுடன் பணியாற்றியவர்கள் 'அப்லிகாட்சியா' என்றே சொன்னார்கள். அதே மனிதர்கள், நிரலில் பிழை தேடிக் களைவதற்கு ஆங்கிலச் சொல்லை எடுத்து ஹீப்ரு வினை வாய்பாட்டில் இட்டு 'லெதபேக்' என்றும், கூகுளில் தேடுவதற்கு 'லெகாகெல்' என்றும் ஆக்கி, அவற்றை மூன்று காலங்களிலும் இயல்பாக வழங்கினார்கள். கழகத்தின் சொற்பட்டியலைவிட இந்தப் பழக்கத்தில்தான் அம்மொழியின் உயிர்ப்பு தெரிகிறது என்பது என் கருத்து.

தமிழருக்கு முதலில் உறுத்துவது முன்னிலைப் பெயர். மரியாதைப் பன்மை அங்கே இல்லை. நிறுவனத் தலைவரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஆனால் எதிரில் இருப்பவர் ஆண் என்றால் 'அத்தா', பெண் என்றால் 'அத்' என்று பிரித்தாக வேண்டும். நிகழ்கால வினையும் பாலுக்கேற்ப மாறும். பெண் ஆசிரியர் 'அனீ ரோட்ஸா' என்று தமக்கு வேண்டியதைச் சொன்னால், ஆண் மாணவர் 'அனீ ரோட்ஸே' என்று மாற்றித்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். கூட்டங்களில் 'துக்ரி' என்ற சொல்லோடு தொடங்கும் பேச்சு, பூசி மெழுகாமல் நேராக வரும். துருக்கியிலிருந்து அரபி வழியாக வந்த அச்சொல்லைக் கேட்டதும், அடுத்து வரும் கண்டனம் வேலையைப் பற்றியது, ஆளைப் பற்றியதல்ல என்று எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டவை ராணுவ வழக்கிலிருந்து வந்த 'ரோஷ் கதான்', 'ரோஷ் கதோல்' என்ற இரண்டும்தான். சிறிய தலை, பெரிய தலை என்பது நேர்ப்பொருள். நம்மிடையே தலைக்கனம் வசை; அங்கே பெரிய தலை பாராட்டு. சொன்னதை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் ரோஷ் கதான். சொல்லாததையும் எண்ணிப் பார்த்துப் பொறுப்பேற்பவர் ரோஷ் கதோல். மேலாளர் கேட்ட ஒரு திருத்தத்தை அப்படியே முடித்துக் கொடுப்பதைப் பணிவின் அடையாளமாக நாம் கருதுவோம். அங்கே அதே பிழை வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டவருக்கு அது குறையாகவே எண்ணப்படும். ஒருவரின் ஆண்டு மதிப்பீட்டில் இச்சொல் எழுதப்படாமல் போகலாம், ஆனால் தேநீர் வேளைப் பேச்சில் அவர் எந்தத் தலை என்பது முடிவாகியிருக்கும்.

அங்கே பெரும்பாலான யூத இளைஞர்கள் 18 வயதில் கட்டாய ராணுவப் பணிக்குச் செல்வதால், முதலெழுத்துச் சுருக்கங்களும் அலுவலகம் வரை வந்துவிடுகின்றன. பணிமூப்பை 'பஸாம்' என்பார்கள். 'ஹவால் அல் ஹஸ்மான்' என்ற தொடர் இன்னும் சிக்கலானது: நேரம் வீண் என்ற நேர்ப்பொருளிலும் வரும், அபாரம் என்ற பாராட்டாகவும் வரும், சொல்பவரின் குரலையும் முகத்தையும் கவனித்தால் எது என்று விளங்கும், குறுஞ்செய்தியில் அந்த வசதி இல்லை.

'யிஹ்யே பெசெதெர்', அதாவது எல்லாம் சரியாகிவிடும் என்பது, ஆறுதலுக்கும் தட்டிக்கழிப்புக்கும் ஒருங்கே பயன்படும் தொடர். காலக்கெடு பற்றிய உரையாடலில் அது வந்தால் நான் உடனே 'மாதாய்?' என்று கேட்பேன்: எப்போது? தேதி கிடைத்தால் குறித்துக்கொள்வேன்; மறுபடியும் அதே தொடர் வந்தால், அந்தப் பகுதிக்கு இன்னும் யாரும் பொறுப்பேற்கவில்லை என்று அட்டவணையில் எழுதிவைப்பேன்.