காலிக் கட்டிலில் ஒரு நாடித்துடிப்பு

நோயாளிகளைக் கண்காணிக்க நாங்கள் செய்த கருவியின் திரையில் நாடித்துடிப்பு 78, ஆக்சிஜன் 97 சதவீதம். குறை சொல்ல முடியாத எண்கள்.

“தம்பி, அந்த அம்மா குளிக்கப் போய்ப் பத்து நிமிடமாகிறது. விரலில் மாட்டும் கிளிப் கட்டிலில் கிடக்கிறது” என்றார் தலைமைச் செவிலியர்.

குற்றவாளி உணரி அல்ல, நான்தான். செய்துகாட்டும் நாளில் எண் வருவதும் மறைவதுமாக இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று, புதிய அளவு வராதபோது பழையதையே காட்டும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எடுக்க மறந்துபோனேன்.

மேக்ஸ்30102 என்ற அந்த மலிவான உணரி 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் சிவப்பைக் குறைவாக உறிஞ்சும். கணக்கு முழுவதும் அந்த வேறுபாட்டில்தான். விரல் சில்லிட்டிருந்தாலோ அசைந்தாலோ அலை கலைந்துவிடும். கருந்தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டவும் கூடும். விலை உயர்ந்த கருவிகளுக்கும் இந்தக் கோளாறு உண்டு. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். விரலே இல்லாத கட்டிலைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

அன்றிரவே அந்த வரியை நீக்கினேன். அகச்சிவப்பு ஒளி போதிய அளவு திரும்பாவிட்டால் ‘விரல் இல்லை’ என்று வரும்படி செய்தேன். அதற்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் ஒரே ஒலியை வைத்தது அடுத்த தவறு. மூன்றாம் நாள் போனபோது ஒலிபெருக்கியின் மேல் மடித்த துண்டு ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ‘விரல் இல்லை’ என்பதை ஒலியில்லாத மஞ்சள் கட்டமாக்கினேன்; துண்டு போய்விட்டது.

இணைப்பே அறுந்தால் என்ன செய்வது? கருவிகள் செய்தி அனுப்ப நாங்கள் பயன்படுத்திய எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறையில் அதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது. கருவி இணையும்போதே தன் ‘உயிலை’, அதாவது தான் திடீரென மறைந்தால் அறிவிக்க வேண்டிய செய்தியை, நடுவிலிருக்கும் சேவையகத்திடம் கொடுத்துவைக்கும். ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் கருவியிடமிருந்து பேச்சில்லை என்றால், சேவையகம் அதை எல்லோருக்கும் அறிவித்துவிடும். இடைவெளியை 20 நொடியாக வைத்தேன். 30 நொடியில் செய்தி வந்துவிடும். சோதனைக்காக அதை அப்படியே திரையில் ஓடவும் விட்டிருந்தேன்.

மறுநாள் காலை செவிலியர் அழைத்தார். “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ‘நான்காம் கட்டில், உயில் வந்தது’ என்று போடுகிறதே, அதை மட்டும் மாற்றிவிடுங்கள் தம்பி. நோயாளியின் மகன் பார்த்துவிட்டார்.”