சூரன் போர் ஓவியம்: மாமரம் வரை வந்தாயிற்று

கோடு போடும் வேலை முடிந்து, பலகையில் வர்ணம் ஏறத் தொடங்கிவிட்டது. வன்னி வெயிலுக்கு அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகிறது. ஈரத்துணியை விரித்து, மேலே பேக்கிங் பேப்பர் போட்டு அதில் குழைத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

எடுத்துக்கொண்ட கட்டம், கடல் நடுவே மாமரமாகி நிற்கும் சூரபத்மனை வேல் பிளக்கும் கணம். தெய்வம் போருக்குள் கை வைப்பதை எப்படிக் காட்டுவது? அதற்காகவே பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். இத்தாலிய ஓவியர் ரபாயேல் 1514இல் முடித்த வத்திக்கான் சுவரோவியத்தில், படையோடு வரும் ஹூணர் மன்னன் அத்திலாவுக்கு எதிரே, வானத்தில் புனிதர்கள் பேதுருவும் பவுலும் வாளோடு மிதக்கிறார்கள். வாள் யார்மேலும் படவில்லை. அத்திலா அண்ணாந்து பார்த்து மிரள்கிறான், அவ்வளவுதான். மாமல்லபுரத்துப் பல்லவர் குகையில் இன்னும் அழகு. சிங்கத்தின்மேல் துர்க்கை நிமிர்ந்து இருக்க, எருமைத்தலை அசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்னுக்குச் சாய்கிறான். அந்தச் சாய்விலேயே முடிவு தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஊர்க் கோவிலிலும் சூரனைத்தான் ஆட்டி ஆட்டி ஓடவிடுவார்கள். முருகன் நிதானமாகத்தான் வருவார். அதனால் முருகனை ஓரத்தில் சிறிதாக வைத்தேன். முகத்தில் கோபமில்லை. கை விரிந்து வெறுமையாக இருக்கிறது, வேல் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. வேலுக்கு வர்ணமே பூசவில்லை. அடிப்பூச்சின் வெள்ளையை அப்படியே விட்டு, சுற்றிலும் முல்லைத்தீவுக் கடலின் காலை நீலத்தை இருட்டாக ஏற்றினேன். வேல் தானாகவே ஒளிர்கிறது.

இரத்தம் வரையப்போவதில்லை. போர் எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குப் படம் காட்டிச் சொல்ல வேண்டாம். கதையிலும் சூரன் அழியவில்லையே, மயிலாகி வாகனமாகவும் சேவலாகிக் கொடியாகவும் முருகனோடேயே இருக்கிறான்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த மாற்றத்தை இலையிலேயே கொண்டுவரப் பார்க்கிறேன். வளவில் நிற்கும் மாமரத்தில் தளிர் செம்பு நிறம், முற்றிய இலை கரும்பச்சை. பிளந்த ஒரு பக்கத்தில் கரும்பச்சை இலைகளின் நடுநரம்பை நீட்டி, நுனியில் நீலப் பொட்டு வைத்தேன். மூன்றாவது வரிசையில் இலை போய் மயில்தோகை வந்துவிட்டது. மறுபக்கத்துத் தளிர்களைச் சேவல் கொண்டையாக்க வேண்டும். செம்பிலிருந்து சிவப்புக்குப் போகும் இடைநிறம் இன்னும் பிடிபடவில்லை. காவியில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்துப் பார்க்கப்போகிறேன்.